அது தாங்குமா?

அந்தத் தெருவிலும் அதைச் சுற்றியிருந்த நாலைந்து தெருக்களிலும் அவரைத் 'தாங்கும்' என்றுதான் சொல்வார்கள். "தாங்கும் வந்துட்டாரா?", "தாங்கும்கிட்டே காட்டினியா?" என்று. பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தில் இருக்கிறது. வங்கியில்கூட அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கெட்டுப்போன ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, கம்ப்ரஸர் மேல் உள்ளங்கையை வைத்துச் சிறிது நேரம் கண்ணை மூடிக்கொள்வார். எழுந்ததும் இரண்டில் ஒன்றைச் சொல்வார். "தாங்கும்" என்றால் பையைத் திறப்பார். "தாங்காது" என்றால் பையைத் தோளில் மாட்டிக்கொள்வார். அதற்குப் பிறகு அழுதாலும் புரண்டாலும் கை வைக்க மாட்டார்.

"ரிப்பேர் செலவு புதுசோட விலையில பாதியைத் தாண்டுச்சுன்னா அதுக்குப் பேரு ரிப்பேர் இல்லீங்க, பாசம். பாசத்துக்கு நான் பில் போடறதில்லை" என்பார்.

அந்த உள்ளங்கையை ஏமாற்ற முடியாது. நாளெல்லாம் ஓடிய மெஷினின் முதுகு ஒரு சூட்டில் இருக்கும். இப்போதுதான் ஸ்விட்ச் போட்ட மெஷினின் முதுகு ஜில்லென்று இருக்கும். வாரக்கணக்கில் நின்று கிடந்த ஃப்ரிட்ஜை மெக்கானிக் வருகிற சத்தம் கேட்டதும் ஓடவிட்டு, "நல்லாத்தாங்க ஓடுது, கொஞ்சம் கூலிங் கம்மி, அவ்வளவுதான்" என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "நான் மாடிப்படி ஏறறப்போ போட்டீங்களா, இல்லை கேட்டைத் திறக்கறப்போவே போட்டுட்டீங்களா?" என்று கேட்பார்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. கேஸ் சிலிண்டர்கள், செம்புக் குழாய்ச் சுருள்கள், கதவில்லாத ஃப்ரிட்ஜ் ஒன்று, ஃப்ரிட்ஜ் இல்லாத கதவுகள் மூன்று. அடுத்த அறையில் அவர் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்தத் தீர்ப்புகளைக் கேட்டுக்கொண்டே வாழ்ந்தவள். மெத்தைக் கடையில் பஞ்சு அடிக்கும் வேலையிலிருந்து திரும்பி வந்து, அவர் வெளியே போயிருந்தால் போனை எடுத்து, "வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு? கேஸ் எத்தனை தடவை அடைச்சீங்க?" என்று விசாரிப்பாள். அவர் வந்ததும், "மாடி வீட்டுக்காரங்க கூப்பிட்டாங்க. தாங்காதுன்னு நினைக்கிறேன், போய்ப் பாருங்க" என்பாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

மனைவியைப் பற்றி வெளியாட்களிடம் பேசும்போது அவர் 'அது' என்பார். "அது கடைக்குப் போயிருக்கு." "அதுக்கு வெண்டைக்காய் ஆகாது." பெயர் சொல்லக் கூச்சம். 'அவ' என்றால் மட்டமாகப் படும். 'அவங்க' என்றால் யாரோ மேலதிகாரி மாதிரி இருக்கும். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டது 'அது'. குழந்தையையும் பூனையையும் நாம் அப்படித்தானே சொல்கிறோம். அவளும் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதில்லை.

அவளுக்கு முதலில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பிறகு வாசல்படி ஏறினாலே வாங்கியது. அப்புறம் தலை சீவக் கையைத் தூக்கினால் போதும் என்று ஆனது. நுரையீரல் உள்ளுக்குள் தழும்பேறிச் சுருங்கிக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர். பஞ்சுத் தூசியால்தானா என்று கேட்டதற்கு, அதனால்தான் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் சின்னப் பெட்டி மாதிரி நின்று, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, ஒரு பாட்டில் தண்ணீருக்குள் குமிழியிட வைத்து, குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். அதற்குள்ளும் ஒரு கம்ப்ரஸர் இருந்தது. அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்ததற்கு அதுதான் காரணம்.

குழாய் உரசி அவள் காதுக்குப் பின்னால் புண்ணானது. பஞ்சு வைத்துக் கட்டினார். மூக்கு காய்ந்து ரத்தம் கசிந்தது. பாட்டிலில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொண்டார். ஒரே வேளையில் வயிறு நிறைய உண்டால் மூச்சு முட்டும் என்று தெரிந்து, நாலு வேளையாகப் பிரித்துக் கொடுத்தார். முதுகுக்கு மூன்று தலையணை, முழங்காலுக்கு அடியில் ஒன்று. இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை, செய்துதான் வரும். அவருக்கு வந்தது.

வராமல் போனது மின்சாரம். தினம் ஒருமுறை, சில நாள் இரண்டு முறை நின்றுவிடும். மெஷின் 'கீ' என்று கத்திவிட்டு ஓயும். உடனே ஓடிவந்து இரும்பு ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்ற வேண்டும். சிலிண்டரைத் திறக்கும் சாவி அவள் கைக்குத் திரும்பாது. அதனால் அவர் தூரத்து வேலைகளை விட்டார். பக்கத்துத் தெருக்களில் மட்டும் வேலை பார்த்தார். அங்கே ஃபேன் நின்றால் இங்கேயும் நின்றுவிட்டது என்று அர்த்தம். ஸ்பேனரை அப்படியே போட்டுவிட்டு ஸ்கூட்டரில் பறந்து வருவார். வாடிக்கையாளர்கள் முதலில் பரிதாபப்பட்டார்கள். அப்புறம் வேறு ஆளைக் கூப்பிட்டார்கள்.

மாடியில் சோலார் பேனல் போட்டிருந்தார். மெஷின் வந்ததும் கரண்ட் பில் எகிறியதால் போட்டது. வெயில் இருந்தால் வீட்டில் மின்சாரம் நிற்காது என்று அவரும் நினைத்திருந்தார். முதல் தடவை தெருவில் கரண்ட் போனபோது பேனலும் அணைந்துவிட்டது. அன்றைக்கு வந்திருந்த மச்சான் மாடியைப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான்.

"என்ன மாமா இது? வெயில் மண்டையப் பொளக்குது. இவ்வளவு பெரிய பலகை மல்லாந்து கிடக்குது. கீழே ஒரு ஃபேன் சுத்தலையே!"

"லைன்ல கரண்ட் இல்லைன்னா இதுவும் தன்னால நின்னுடுமாம். கம்பத்துல ஏறி வேலை பாக்கறவனுக்கு நம்ம கரண்ட் போய் ஷாக் அடிச்சுடக் கூடாதாம். பேட்டரி இருந்தாத்தான் தனியா ஓடும்னு சொல்றான்."

"இதை முன்னாடியே கேக்கலையா? ஊரெல்லாம் ஃப்ரிட்ஜுக்கு ஜாதகம் பாக்கறீங்க!"

"கேக்கலடா. விடு."

மச்சான் என்பது மனைவியின் தம்பி. பழைய சாமான் வியாபாரம். ஓட்டை இரும்பில் ஆரம்பித்து உடைந்த ஏசி வரை எடைக்கு எடுப்பான். வாய் மட்டும் எடைக்கு அகப்படாது.

மெக்கானிக் பேட்டரிக் கடைக்குப் போனார். சுவரில் மாட்டுகிற வெள்ளைப் பெட்டி ஒன்றைக் காட்டினார்கள். பழக்கதோஷத்தில் அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். ஜில்லென்று இருந்தது.

"கை வச்சா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதே" என்றார்.

"உள்ளே ஓடற பாகம் எதுவும் இல்லை சார். தண்ணி ஊத்த வேண்டாம், சத்தம் கிடையாது. பத்து வருஷம் கேரண்டி" என்றார் கடைக்காரர்.

விலையைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கையில் இருந்ததெல்லாம் ஒரே ஒரு சேமிப்பு. அவளுக்குத் திடீரென்று முடியாமல் போனால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க என்று ஒதுக்கி வைத்திருந்தது. பேட்டரி வாங்கினால் அது போய்விடும். வாங்காவிட்டால், ஒருநாள் மின்சாரம் நிற்கும் நேரத்தில் அவர் வந்து சேராமல் போகலாம். பத்து வருஷப் பேட்டரி. அவர் அதற்கு முன்பே டாக்டரைத் தனியே பார்த்துக் கேட்டிருந்தார். கேட்டதும் தன் தொழில் பாஷையில்தான்: "எவ்வளவு நாள் தாங்கும் டாக்டர்?" இரண்டு வருஷம் போகலாம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் கொஞ்சம் என்று பதில் வந்தது. பேட்டரியின் விலையையும் கேரண்டியையும் வீட்டில் சொன்னார், இதைச் சொல்லவில்லை.

சில நாள் கழித்து மச்சான் போன் செய்தான். போன் கம்பெனிக்காரர்கள் கோபுரத்திலிருந்து கழற்றிப் போட்ட பழைய ஆசிட் பேட்டரிகள் சல்லிசாக வந்திருக்கின்றன, நாலு கொண்டுவந்து இறக்கட்டுமா என்று கேட்டான். அவர் முன்னறையில் நின்று பேசினார். அவருக்குக் குரல் எப்போதும் கொஞ்சம் உச்சம்; வருஷக்கணக்காகக் கம்ப்ரஸர் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியது. அடுத்த அறையில் மனைவி தூங்குகிறாள் என்று நினைத்தார்.

"வேண்டாம்டா. அது தாங்காது. ரெண்டு வருஷம்கூட இழுக்காது. உள்ளே எல்லாம் அரிச்சுப் போயிருக்கும், வெளியே பாக்கறதுக்குத்தான் முழுசா இருக்கும். அதுக்குத் தண்ணி ஊத்தி ஊத்தி, பக்கத்துலயே காவல் உக்காந்து, வேற பொழப்பே பாக்க முடியாது. தூக்கிப் போடற நாள் வந்தாச்சு, அதுக்குப் போய்க் காசைக் கொட்டச் சொல்றியே. என் ரூல் தெரியும்ல உனக்கு?"

மறுமுனையில் மச்சான் ஏதோ சொல்ல, அவர் சிரித்தும்விட்டார்.

அவள் தூங்கவில்லை.

அன்று மாலை கஞ்சியை ஊதி ஊதிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவளே பேச்சை எடுத்தாள். மூச்சுக்கு ஒரு வாக்கியம்தான் வரும் அவளுக்கு.

"அந்தப் பேட்டரி வேண்டாங்க."

"ஏன்?"

"எனக்கென்ன. சிலிண்டர் இருக்கு. நீங்க இருக்கீங்க."

"நான் எப்பவும் பக்கத்துல இருக்க முடியுமா?"

"அதான் சொல்றேன். தூரத்து வேலைக்கும் போங்க. சும்மா என்னைக் காத்துக்கிட்டு இருக்காதீங்க."

சிக்கனம் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அதை அவர் பின்னாளில் நினைத்துப் பார்க்காத நாள் இல்லை.

அதற்கு அடுத்து வந்த வாரங்களில் அவள் பாதம் வீங்க ஆரம்பித்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. உப்பைக் குறைத்தார். காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தார். வீக்கம் கணுக்காலைத் தாண்டி ஏறியது. உதட்டில் நாவல்பழம் தின்ற மாதிரி ஒரு கறுப்பு. பகலெல்லாம் அசதி, கேட்டதற்குப் பதில் சொல்லும்போதே கண் செருகியது. டாக்டரிடம் கூட்டிப்போனார்.

"மெஷின் நாள் முழுக்க ஓடுதா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஓடுதுங்க. கரண்ட் போறப்ப மட்டும் சிலிண்டர்."

அவளைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க கழட்டி வைக்கறது உண்டாம்மா?"

"இல்லைங்க" என்றாள்.

அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டர் அவரிடம் சொன்னார். மெஷின் விடாமல் ஓடியும் இதயம் இவ்வளவு சீக்கிரம் களைத்துப்போகிறது என்றால் நோய் வேகமாக முற்றிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் சொன்ன இரண்டு வருஷத்தை மறந்துவிடுங்கள். ஒரு வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் நிச்சயமில்லை. எதற்கும் மெஷினை ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

திரும்பி வரும் வழியில் பேட்டரிக் கடையைத் தாண்டித்தான் வர வேண்டும். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒரு வருஷத்துக்கு ஒரு பத்து வருஷப் பெட்டி. யாராவது வந்து யோசனை கேட்டிருந்தால், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார். வேண்டாம் என்று அந்தச் சாலையிலேயே முடிவு செய்தார். முடிவு செய்ததும் நெஞ்சில் ஒரு கல் இறங்கிய மாதிரி இருந்தது. கல் ஏறிய மாதிரியும் இருந்தது.

மறுநாள் வேலைக்குப் போய்விட்டு, மெஷினைச் சோதிக்க வேண்டும் என்ற நினைப்பில் சீக்கிரமே திரும்பினார். ஸ்கூட்டரை நிறுத்தி, வால்வுக் கருவியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டிலில் குமிழ் வந்துகொண்டிருந்தது. அவள் மூக்கில் குழாய் இருந்தது, கண்ணை மூடியிருந்தாள். மார்பு மட்டும் ஓடிவந்தவளுக்குப் போல ஏறி இறங்கியது. அவர் குந்தி உட்கார்ந்து, மெஷினின் முதுகில் உள்ளங்கையை வைத்தார்.

ஜில்லென்று இருந்தது.

கையை எடுக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஊரார் எத்தனையோ பேர் அவரிடம் செய்து பார்த்து மாட்டிக்கொண்ட வேலை.

"எப்போ ஸ்விட்ச் போட்டே?"

"காலையில இருந்து ஓடுது."

"என்கிட்டயேவா? ஸ்கூட்டர் சத்தம் கேட்டுப் போட்டியா, கேட் திறக்கற சத்தம் கேட்டுப் போட்டியா?"

அவள் கண்ணைத் திறந்தாள். திருட்டு அகப்பட்டதற்கான கலக்கம் எதுவும் அதில் இல்லை.

"ஸ்கூட்டர்" என்றாள்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"நீங்க வெளியே போற நாளெல்லாம்."

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு? கால் ஏன் வீங்குது, உதடு ஏன் கறுக்குதுன்னு நான் உப்பைக் குறைச்சுக்கிட்டுக் கிடக்கறேன்! எதுக்குடி அணைச்சே?"

"உங்க ரூல்தான்."

"எந்த ரூல்?"

"தாங்காததுக்குச் செலவு பண்ணக் கூடாது." மூச்சு வாங்கினாள். "நீங்கதானே சொன்னீங்க. தம்பிகிட்டே. அது ரெண்டு வருஷம் இழுக்காது. உள்ளே எல்லாம் அரிச்சுப் போச்சு." இன்னொரு மூச்சு. "தண்ணி ஊத்திக்கிட்டுப் பக்கத்துல காவல் உக்காரணும். பொழப்பு கெடுது. தூக்கிப் போடற நாள் வந்தாச்சுன்னு."

எதைச் சொல்கிறாள் என்று அவருக்கு உடனே பிடிபடவில்லை. பிடிபட்டபோது எழுந்து நின்றுவிட்டார்.

"அடிப் பாவி! அது பேட்டரிடி! கோபுரத்துல கழட்டின பழைய பேட்டரி! ஆசிட் பேட்டரிக்குத் தண்ணி ஊத்தணும்டி!"

"எனக்கும்தான் ஊத்தறீங்க" என்று பாட்டிலைக் காட்டினாள்.

அவளுக்கு நம்பிக்கை வரட்டும் என்று அவர் அவள் கண்முன்னாலேயே மச்சானுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"டேய், அன்னிக்கு நான் எதைத் தாங்காதுன்னு சொன்னேன்?"

"எதை மாமா? நீங்க ஒரு நாளைக்கு ஒம்பது ஃப்ரிட்ஜைச் சாகடிக்கறீங்க. எதைன்னு ஞாபகம் வச்சுக்கறது?"

"பேட்டரிடா! நீ எனக்குத் தள்ளிவிடப் பாத்தியே!"

"ஓ, அதுவா. அதெல்லாம் வித்தாச்சு. வாங்கினவன் இன்னும் திட்ட ஆரம்பிக்கல. ஏன், வேணுமா?"

போனை அணைத்தார். அவள் சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது. முதுகைத் தடவிக்கொடுத்து, எச்சில் கிண்ணத்தைப் பிடித்து, வாயைத் துடைத்துவிட்டார். இருமல் அடங்கியபின் அவள் சொன்னாள்:

"என்னையும் அதுன்னுதான் சொல்றீங்க. அதையும் அதுன்னுதான் சொல்றீங்க. எந்த அதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் எச்சில் கிண்ணத்தைக் கழுவி வைத்தார்.

இதோடு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. அவளும் அந்தப் பட்டறையில் வாழ்ந்தவள்தானே. பாதி திறந்து பார்த்ததை மூடி வைக்கத் தெரியாது.

"சரி. அது பேட்டரி. நான்? டாக்டர்கிட்டே என்னைப் பத்திக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

பொய் சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. "முதல்ல ரெண்டு வருஷம்னாரு. நேத்து ஒண்ணுன்னாரு."

"அதனாலதான் பேட்டரி வேண்டாம்னு முடிவு பண்ணிட்டீங்க."

அவர் பாட்டிலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார்.

"அந்தப் பெட்டி பத்து வருஷம். நான் ஒண்ணு. கணக்கு சரிதாங்க. நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். வாடிக்கையாளர் ஃப்ரிட்ஜைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள். அவள் காதில் தவறாக விழுந்தது, சுற்றி வளைத்துக்கொண்டு உண்மையாகவே வந்து நிற்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் மெஷினை அணைத்தாள். அதனால் கால் வீங்கியது. அதைப் பார்த்து டாக்டர் வருஷத்தைக் குறைத்தார். குறைந்த வருஷத்தைக் கேட்டு அவர் கையை விரித்தார். யாரும் யாருக்கும் கெட்டது நினைக்கவில்லை. வேலை மட்டும் ஒழுங்காக முடிந்திருந்தது.

"வாங்கறேன்" என்றார்.

"ஆஸ்பத்திரிக்குன்னு வச்ச காசு அது."

"தெரியும்."

"சரி, ஆஸ்பத்திரியில என்ன பண்ணப் போறாங்க. நாலு நாள் தொண்டையில குழாய் சொருகி, உங்களை வாசல்ல உக்கார வைப்பாங்க. அதுக்கு நான் இங்கேயே கிடக்கறேன்." பிறகு, கண்ணில் பழைய குறும்பு கொஞ்சம் எட்டிப் பார்க்க, "பாசத்துக்கு நீங்க பில் போட மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியுமே" என்றாள்.

"பில் போட மாட்டேன்னுதான் சொன்னேன். செய்ய மாட்டேன்னு எப்போ சொன்னேன்?"

அவள் குழாயைச் சரிசெய்வதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாளே டாக்டரிடம் நடந்ததைச் சொன்னார். டாக்டர் இருவரையும் திட்டினார், திட்ட வேண்டியதுதான். மெஷின் விடாமல் ஓடத் தொடங்கியதும் வீக்கம் இறங்கியது. கணுக்கால் வரை இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. களைத்த இதயம் களைத்ததுதான். அந்த இரண்டு வருஷத்தை மறுபடியும் தர முடியுமா என்று அவர் கேட்கவில்லை, டாக்டரும் சொல்லவில்லை.

பேட்டரி வந்தது. முன்னறையில் கேஸ் சிலிண்டர்கள் நின்ற சுவரில் மாட்டினார்கள். மெஷினின் பிளக், ஒரு விளக்கு, ஒரு ஃபேன். இந்த மூன்றுக்கு மட்டும் அதிலிருந்து கம்பி. மாட்டுவதற்கு முன்னால் போனில் கடைக்காரருக்கு வழி சொல்லும்போது, "மெஷின் அவளுக்குத்தாங்க, அவ ரூம் வரைக்கும் கம்பி இழுக்கணும்" என்று மெக்கானிக் சொல்ல, உள்ளே இருந்து குரல் வந்தது.

"யாருங்க அந்த அவ?"

"நீதான்."

"வேற யாரோ பொம்பளையைச் சொல்ற மாதிரி இருக்கு. பழசையே சொல்லுங்க. எதுன்னு மட்டும் சேத்துச் சொல்லிடுங்க."

அதன்பிறகு அவர் தூரத்து வேலைகளுக்குப் போனார். முதல் தடவை ஊரின் மறுகோடியில், ஒரு வீட்டுச் சமையலறையில் ஃப்ரிட்ஜை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தபோது தலைக்கு மேலே ஃபேன் மெதுவாகி நின்றது. கையிலிருந்த ஸ்பேனர் தரையில் விழுந்தது. கால் தன்னால் வாசலுக்குப் போய்விட்டது. அங்கே நின்றபோது போன் அடித்தது.

"கரண்ட் போச்சு" என்றாள்.

"இங்கேயும்."

"இருங்க." போனை மெஷினிடம் கொண்டுபோனாள் போலிருக்கிறது. கம்ப்ரஸர் ஓடும் சத்தம் காதில் நிறைந்தது. நடுவில் குமிழ் வெடிக்கும் சத்தம். அதற்கும் நடுவில் அவள் மூச்சு, குட்டை குட்டையாக. பிறகு குரல்: "தாங்குது. போய் வேலையைப் பாருங்க."

அவர் திரும்பி வந்து ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் உட்கார்ந்தார். வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "என்னண்ணே, இது தாங்குமா?" என்று கேட்டார். உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடினார். சொல்லத் தெரியவில்லை.

"கரண்ட் வரட்டும்மா. பாப்போம்" என்றார்.

இப்போதெல்லாம் அவர் அப்படித்தான் சொல்கிறார். தெருவில் பட்டப்பெயர் மட்டும் மாறவில்லை. காரணம் போனாலும் பெயர் போகாது.

அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள். பகல் நேரம். மூன்று தலையணையில் சாய்ந்தபடி. ஊரெல்லாம் கரண்ட் இருந்தது. பேட்டரிக்கு அதில் எந்த வேலையும் இருக்கவில்லை. மூக்குக் குழாயைக் கழற்றி, காதுக்குப் பின்னால் வைத்த பஞ்சை எடுத்து, முகத்தைத் துடைத்துவிட்டு, அதன்பிறகுதான் மெஷினின் ஸ்விட்சை அணைத்தார். முதுகு நல்ல சூடாக இருந்தது.

மெஷின் வேறொரு நோயாளி வீட்டுக்குப் போயிற்று. சில மாதம் கழித்து மச்சான் வந்தான். முன்னறைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கையில் ஒரு பை.

"மாமா, சொன்னா கோவிச்சுக்காதீங்க. இந்தப் பெட்டிக்கு இன்னும் ஏகப்பட்ட வருஷம் கேரண்டி பாக்கி இருக்கு. நல்ல பார்ட்டி ஒண்ணு இருக்கு என்கிட்டே. இங்கே இது எதுக்கு, ஒரு ஃபேனுக்கும் ஒரு லைட்டுக்கும்?"

மெக்கானிக் ஒரு பழைய வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போட்ட காசுக்கு நஷ்டம்தானே மாமா? அக்கா இருந்தது எத்தனை நாள், இது விலை எவ்வளவு. உங்க ரூல்படியே பாருங்க."

துடைத்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மறுபடியும் துடைத்தார்.

"அது இருந்த வரைக்கும் அது நிக்கலடா" என்றார்.

எந்த அது என்று மச்சான் கேட்கவில்லை. கம்பியைக் கழற்ற எடுத்துவந்த ஸ்பேனரைப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டான்.